பாட்டின் நடுவே கூப்பிட்ட பெயர்

யாங்கோன்
11 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. மச்சானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை. தன்லியின் ஊர் வீட்டில் ஃபாக்டரி சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாராம். வந்த பட்டாளத்துக்காரர்கள் ஒரு போனில் நம் பாட்டைப் போட்டு, உன் மாமியார் ரத்தினம்மாவிடம் "இது உன் மருமக குரலா?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா, "இல்லை" என்றார்கள். அது பொய் இல்லை. ரெக்கார்டிங்கில் நான் உன் குரலை அந்த அளவுக்கு மாற்றியிருந்தேன், பெற்ற தாய் வந்தாலும் உன்னை அடையாளம் காண முடியாது. அப்புறம் ஸ்டீல் கிதார் வரும் இடத்துக்கு நகர்த்தி, அம்மா காதில் இயர்போனை வைத்தார்களாம். அங்கே "கோ ராஜ்!" என்று நீ கூப்பிடுவது கேட்டிருக்கிறது.

யாங்கோனில் ஆயிரம் ராஜ் இருப்பான். ஸ்டீல் கிதார் வாசிக்கிற ராஜ் எத்தனை பேர்?

நீ ஏன் கூப்பிட்டாய்? கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் "ஏங்க", "இந்தாங்க". ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால்கூட என் முதுகில் குத்தி "நீ சொல்லுடா" என்பாய். பாட்டில் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். இது என்ன பழக்கம்?

நம் தெரு வார்டு ஆபீஸ் ஆள் அம்மாவிடம் வந்து, "பாடினவளை வரச் சொல்லு, வாசிச்சவன் வீட்டுக்கு வந்துடுவான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். உனக்கு வேறு வழியில் தெரிவதற்கு முன் நானே சொல்கிறேன். வராதே.

கடிதத்தை உம்மு சல்மா அக்கா தான் விற்கிற தனாக்கா முகப்பூச்சுப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார். பதிலையும் அதே லாரியில் அனுப்பு. போன் வேண்டாம், தாய்லாந்து எல்லைப் பாலத்தில் திறந்து பார்க்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி.

கார்த்திகேசன்

---

மே சோட்
24 ஆகஸ்ட் 2024

தம்பி கார்த்தி,

உன் கடிதத்தைக் கடை அடுப்புப் பக்கத்தில் நின்று படித்தேன். கௌஸ்வே நூடுல்ஸ் வேகிற தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. முதலாளியம்மா திட்டினாள். திட்டட்டும்.

ஏன் கூப்பிட்டாய் என்று கேட்கிறாய். வாயிலிருந்து போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் பாட்டை நிறுத்தப் போனேன். நீதான் ரெக்கார்டிங் மெஷின் பக்கத்திலிருந்து கையை ஆட்டி, "பாடுக்கா பாடுக்கா, பேரை வெட்டிக்கலாம்" என்றாய். வெட்டிவிட்டேன் என்றும் சொன்னாய். அப்புறம் அவர்கள் காதில் எப்படிக் கேட்டது? எனக்குப் பதில் சொல்.

பழக்கம் என்ன என்கிறாயே, சொல்கிறேன். அமெரிக்காவில் அந்தக் காலத்து ரேடியோவில் ஒரே ஒரு மைக்தான் இருக்குமாம். பாடுகிறவள் இரண்டடி பின்னால் போவாள், வாசிக்கிறவன் முன்னால் வருவான். ரேடியோ கேட்கிற பருத்திக்காட்டு ஆளுக்கு முகம் தெரியாது இல்லையா? அதனால் வாத்தியம் வரும்போது பாடுகிறவர் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவனுக்கு அதுதான் கூலி. சம்பளம் பாதி நாள் வராது, பேர் மட்டும் வரும். உன் மச்சான் பழைய ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டி இதையெல்லாம் எனக்குச் சொன்னார். பீர் ஸ்டேஷனில் முதல் நாள் பாடியபோது, "இங்க ஸ்டீல் வருது, பேரைச் சொல்லு, இல்லேன்னா வாசிக்க மாட்டேன்" என்று சிரித்தார். எனக்கு நாக்கு எழவில்லை. பின்னால் கிதார் பையன் கேலி செய்ததும் கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

அத்தைக்குத் தெரிந்து பெரிய சண்டை. "புருசன் பேரை பீர் குடிக்கிறவன் முன்னாடி கூவுறியா?" என்றார்கள். அவர்தான், "அம்மா, அது பாட்டு, அதுல யாருக்கும் யாரும் புருசன் கிடையாது" என்று சமாளித்தார்.

என் வாயில் அவர் பெயர் வருவதற்கு உலகத்தில் அந்த ஒரு இடம்தான்டா இருந்தது. ஒரு பாட்டுக்கு ஒரு தடவை.

நான் வருகிறேன். பாட்டை எழுதினது நான், பாடினது நான். அவர் வெறும் கம்பியைத் தேய்த்தார்.

அக்கா

---

யாங்கோன்
6 செப்டம்பர் 2024

அக்கா,

பதில் கேட்டாய் அல்லவா, இந்தா.

ஸ்டீல் ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்திருந்தேன். உன் மைக்கும் அதுவும் கைக்கெட்டும் தூரம். உன் டிராக்கில் பெயரை வெட்டினேன், சுத்தமாக. ஆனால் நீ கத்தியது ஸ்டீல் மைக்கிலும் கசிந்திருக்கிறது. முதல் நோட்டுக்கு அடியில் கிடந்தது. ஸ்பீக்கரில் கேட்காது. இயர்போனில் சத்தத்தைக் கூட்டினால் கேட்கும். அதுவும் நான் மாற்றாத குரல், உன்னுடைய சொந்தக் குரல். ஸ்டீல் டிராக்கைத் தனியாகப் போட்டு நான் கேட்கவில்லை. அன்று ராத்திரியே நீ கிளம்ப வேண்டும், மின்சாரம் வேறு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இதை இன்னொரு தடவை எழுத வைக்காதே.

ஆனால் நான் அன்றைக்கே சொன்னேன். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாசியுங்கள், நான் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். நீங்கள் இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஒரே ரூம்ல மூச்சு முட்ட நின்னு வாசிச்சாத்தான் கண்ட்ரி மியூசிக்" என்று மச்சான் சொன்னார். மூச்சு முட்டத்தான் முட்டுகிறது இப்போது.

எனக்குப் புரியாத ஒன்று. இது எவன் ஊர்ப் பாட்டு? அமெரிக்க மாட்டுக்காரன் பாட்டு. அதன் மெட்டை இங்கே ஒருவன் அந்தக் காலத்திலேயே காப்பி அடித்து, பட்டாளத்துக்குப் போகிறவன் பெண்ணைக் காத்திருக்கச் சொல்கிற மாதிரி பர்மிய வார்த்தை போட்டான். பீர் ஸ்டேஷனில் எல்லாரும் அழுதார்கள். சரி, அழுதுவிட்டுப் போகட்டும். அதற்கு அந்தப் பெண்ணின் பதிலாக நீ ஏன் ஒரு பாட்டு எழுத வேண்டும்?

ரத்தினம்மா வாரா வாரம் பார்சல் கொண்டுபோகிறார்கள். இறால் பலாச்சாங், அவித்த முட்டை, சோப்பு. ஜெயில் வாசலில் வாங்கிக்கொள்கிறார்கள். பார்சலைத் திருப்பிக் கொடுத்தால்தான் பயப்பட வேண்டும் என்று அங்கே வரிசையில் நிற்கிற பெண்கள் சொல்கிறார்களாம். இதுவரை திருப்பவில்லை.

நீ வந்தால் அவரை விடுவார்கள் என்று எந்த மடையன் நம்புவான்? இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்கள். அம்மா இரண்டு பார்சல் கட்டுவார்கள். வராதே.

கார்த்திகேசன்

---

மே சோட்
20 செப்டம்பர் 2024

தம்பி,

கசிந்தது என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் கூப்பிட்டவள் நான்தானே என்று அதுவும் போய்விட்டது. உனக்கு அவசரம், எனக்குப் பழக்கம். நடுவில் அவர் மாட்டிக்கொண்டார்.

எவன் ஊர்ப் பாட்டு என்று கேட்டாயே. நீ படித்த படிப்பில் மைக்குக்கு ஒயர் எங்கே போகிறது என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள் போல. பாஞ்சோ என்று ஒரு வாத்தியம், கண்ட்ரி என்றாலே அதைத்தான் காட்டுவார்கள். அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோனவர்களுடைய வாத்தியம். சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டி வாசித்தார்கள். மெட்டுகளில் பாதி, பசிக்குக் கப்பல் ஏறிய அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆட்களுடையது. இரண்டு கூட்டமும் ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒருத்தரிடம் ஒருத்தர் கற்றுக்கொண்டது. பிறகு ரெக்கார்டு விற்கிற கம்பெனிக்காரன் வந்து கறுப்பு ஆளுக்கு ஒரு அலமாரி, வெள்ளை ஆளுக்கு ஒரு அலமாரி என்று பிரித்தான். பாட்டு ஒன்று, அலமாரி இரண்டு. நமக்குத் தெரியாத வித்தையா அது?

ஸ்டீல் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. தண்டவாளத்தில் நடந்துபோன ஒரு பையன் கீழே கிடந்த இரும்பை எடுத்துக் கிதார் கம்பியில் தேய்த்தான் என்று ஒரு கதை. உன் மச்சானுக்கு அந்தக் கதை மேல் கொள்ளை ஆசை. அவர் பாட்டன் பர்மா ரயில்வேயில் தண்டவாளத்துக்கு ஆணி அடித்தவர். "எங்க ஆளும் இரும்போடதான் கெடந்தாரு, தேய்ச்சுப் பாக்கணும்னு தோணல" என்பார்.

ஆண் பாடுகிற பாட்டுக்குப் பெண் பதில் பாட்டுப் பாடுவதும் அங்கே பழைய வழக்கம். ஊரைக் கெடுப்பது பெண்தான் என்று ஒருவன் பாடுவான். அதே மாதிரி மெட்டில் ஒருத்தி எழுந்து, கெடுத்தது யார் என்று கேட்பாள். ரேடியோவில் போட மாட்டேன் என்பார்கள். ஜனங்கள் வாங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

காத்திருக்கச் சொன்னாய், காத்திருந்தேன்.
நீ கொளுத்திய ஊர் எது என்று புகை வந்து சொன்னது.

இதைப் பாடாமல் அந்தப் பட்டாளச் சட்டைக்காரன் பாட்டையே நான் தினம் பாடிக்கொண்டிருக்க வேண்டுமா?

பார்சலை வாங்குகிறார்கள் என்றால் அவர் இருக்கிறார். இருக்கிறார் என்றால் பேரம் பேச முடியும். தீபாவளி கழிந்து மூன்றாம் தேதி ஒரு லாரி வருகிறது. கிளம்பிவிடுவேன். அதற்குள் ஒன்று மட்டும் விசாரித்து எழுது. அவர் விரல்கள் நன்றாக இருக்கின்றனவா?

அக்கா

---

யாங்கோன்
5 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே மழை விட்டுவிட்டதா? இங்கே இன்னும் விடவில்லை. லத்தாவில் கடைத்தெரு முழுக்கத் தண்ணீர், உம்மு சல்மா அக்கா மூட்டைகளைக் கட்டில் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். சௌக்கியம்.

நீ எழுதிய பாஞ்சோ விஷயம் எனக்குத் தெரியாது. நன்றாக எழுதியிருந்தாய். மச்சானின் ரெக்கார்டுகளை என் ரிப்பேர் பட்டறையில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். ஒரு விஷயம் கவனித்தேன். பாதிப் பாட்டில் யாராவது செத்துப்போகிறார்கள். ரயில் கவிழ்கிறது, சுரங்கம் இடிகிறது, ஜெயிலில் ஒருவன் விடியலுக்குக் காத்திருக்கிறான், குழந்தைக்குக் காய்ச்சல். ஆனால் மெட்டு அழுவதே இல்லை. கிதாரில் மூன்றே கார்டு, சந்தோஷமான மேஜரில் போகிறது, கேட்டால் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது. சாவை இப்படிச் சொல்ல அந்த ஆட்களுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. உட்கார்ந்து யோசித்தேன்.

ஸ்டீலுக்குப் புதுக் கம்பி மாற்றினேன். துடைத்து வைத்திருக்கிறேன்.

பார்சலை வாங்கிக்கொள்கிறார்கள். போன வாரமும் வாங்கினார்கள்.

விரல் பற்றி விசாரிக்க முடியவில்லை.

நீ அங்கேயே இரு. அந்த வேலை நல்ல வேலைதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் தம்பி கார்த்திகேசன்

---

மே சோட்
15 அக்டோபர் 2024

டேய்,

நீ எப்போதடா "அன்புள்ள" போட்டு எழுதினாய்? பிறந்ததிலிருந்து நான் சாப்பிட்டேனா என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாயா? என் கல்யாணத்தன்று ஸ்பீக்கர் ஹம் அடிக்கிறது என்று மாப்பிள்ளையைப் பந்தலிலிருந்து எழுப்பி ஒயரைப் பிடிக்க வைத்தவன் நீ. அதற்கு முந்தின கடிதத்தில்கூட மடையன் என்று எழுதினாய். இந்தத் தடவை ஒரு வசவுகூட இல்லை. மழை பற்றி எழுதுகிறாய். யாரும் கேட்காமல் சாவுப் பாட்டுகளுக்கு விளக்கம் எழுதுகிறாய்.

அந்தப் பாட்டுகளிலேயே இப்படி வரும். ஊரிலிருந்து மகனுக்குக் கடிதம் வரும். சோளம் நன்றாக விளைந்தது, நாய் குட்டி போட்டது என்று முழுப் பக்கம் எழுதியிருப்பார்கள். அம்மா பற்றி ஒரு வரி இருக்காது. கேட்கிறவனுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

வராதே என்று திட்டினால் நீ பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். இப்போது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. தெரியாமல் என்னால் இங்கே இருக்க முடியாது. மூன்றாம் தேதி லாரிக்குச் சொல்லிவிட்டேன். போன் சிம்மை வந்த அன்றே ஆற்றில் போட்டாயிற்று, கூப்பிட வழி இல்லை. உன் கடிதம் அதற்குள் வந்தால் வரட்டும். வரவில்லை என்றால் நான் நேரே அந்த வாசலுக்குப் போய், பாடினவள் நான்தான் என்று சொல்வேன்.

கார்த்தி, உனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே பேச்சு முகத்தில் அடிக்கிற பேச்சுதான். அதையே எழுது.

அக்கா

---

யாங்கோன்
25 அக்டோபர் 2024

அக்கா,

மச்சான் இறந்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் ஜெயிலிலிருந்து போன் வந்தது. அம்மா போனை அன்று நான் ரிப்பேருக்கு வாங்கி வைத்திருந்தேன், அதனால் எடுத்தது நான். தனியாகப் போனேன். உடம்புக்கு முடியவில்லை, போய்விட்டார் என்றார்கள். எரித்தாகிவிட்டது என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அவர் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்கள். கண்ணாடி உடையவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. விரல்களை நான் பார்க்கவில்லை. உடம்பையே காட்டவில்லை. இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்தால் எழுதிவிடுவேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனேன், அம்மா பலாச்சாங்குக்கு இறால் இடித்துக்கொண்டிருந்தார்கள். "காரம் கொஞ்சம் கூட போட்டுருக்கேன்ப்பா, அவனுக்கு அப்பத்தான் சோறு எறங்கும்" என்றார்கள். வாயைத் திறந்தேன். இறால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்சலை இன்னும் வாங்கிக்கொள்கிறார்கள். அதை உனக்கு எழுதியது பொய் இல்லை. அவர் போன பிறகும் ஒவ்வொரு வாரமும் வாங்குகிறார்கள். வார்டு ஆள் நேற்றுகூட வந்து, பாடினவள் வந்தால் வாசித்தவன் வீட்டுக்கு வருவான் என்கிறான். அவனுக்குத் தெரியாதோ, தெரிந்தே சொல்கிறானோ. யாருக்காக நீ வருவாய்? அங்கே அவர் இல்லை. நீ போய் நின்றால் அவர்களுக்கு இன்னொரு ஆள், அவ்வளவுதான்.

உனக்கு எழுத உட்காரும்போதெல்லாம் மழைதான் வந்தது. திட்ட வரவில்லை.

இதை லாரியில் போடாமல் உம்மு சல்மா அக்கா கடை அப்துல் பாரி அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். அவர் சாமான் வாங்க அந்தப் பக்கம் வருகிறார். உன்னைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்புவார். என்ன ஆனாலும் அவரோடு வராதே. எவனோடும் வராதே.

கார்த்திகேசன்

---

மே சோட்
24 நவம்பர் 2024

கார்த்தி,

பாரி அண்ணன் வந்தபோது பையைத் தோளில் மாட்டியிருந்தேன். அவர் கடிதத்தைக் கொடுக்காமல் முதலில் பையைத்தான் வாங்கிக் கீழே வைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

வரவில்லை.

இங்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து வந்த கரேன் இனத்துப் பையன்கள் வாசிப்பார்கள். அவர்களுடைய சர்ச்சில் கிதார் கற்றவர்கள், கண்ட்ரி தவிர வேறு தெரியாது. நேற்று அவர்களோடு நம் பாட்டைப் பாடினேன். ஸ்டீல் யாரிடமும் கிடையாது. பிடில் வாசிக்கிற பையன், "அக்கா, அந்த இடத்துல நான் ரொப்பிடறேன்" என்றான். வேண்டாம் என்றேன். அந்த இடம் வந்ததும் பெயரைக் கூப்பிட்டேன். பையன்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவர் வாசிக்கிற அளவு அப்படியே போகட்டும் என்று நின்றேன். அப்புறம் அடுத்த சரணம்.

கடைக்காரர் போனில் பிடித்ததை மெமரி கார்டில் ஏற்றி இதோடு வைத்திருக்கிறேன். இதில் என் குரலை மாற்றாதே.

கோ ராஜ் என்று இல்லை. அது மேடைப் பெயர். தேவராஜ் என்று கூப்பிட்டேன். இப்போது எழுதியும் பார்த்துவிட்டேன். தேவராஜ்.

அத்தையிடம் சொல். நீதான் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு பார்சல் அந்த வாசலுக்குப் போகக்கூடாது.

சாந்தகுமாரி

---

யாங்கோன்
15 டிசம்பர் 2024

அக்கா,

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அப்ப இத்தன வாரமா அத யாருப்பா தின்னது?"



அம்மாவை அன்றைக்கே த்வாண்டேயில் கலா சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன். வார்டு ஆளுக்குப் பூட்டிய கதவு போதும். நானும் பட்டறையைக் காலி செய்துவிட்டேன். என் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள், அது வேறு. ஸ்டீலைச் சணல் மூட்டையில் சுற்றி, சித்தி வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கார்டைச் சித்தி வீட்டில் போட்டுக் கேட்டேன். ரெக்கார்டிங் மட்டம். ஃபேன் சத்தம், கிளாஸ் சத்தம், எவனோ இருமுகிறான். அந்தக் காலி இடத்தில் கரகர என்று இரைச்சல் வருகிறது. எடுத்துவிடலாம், எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. இயர்போனில் சத்தத்தைக் கூட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு விநாடியும் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் உன் கால் இருக்கிறது. செருப்பால் தரையில் தட்டி, அவருக்குத் தாளம் விடாமல் பிடித்திருக்கிறாய்.

எதையும் எடுக்கவில்லை. குரலை மாற்றவில்லை. பெயரை வெட்டவில்லை. அப்படியே நெட்டில் ஏற்றி வெளியே போட்டுவிட்டேன். அவரை இனி யாரும் பிடிக்க முடியாது.

முதலில் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். நீ பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்கள். அடுத்த சரணம் நீ ஆரம்பிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கார்த்தி